ராணுவ அறுவை மருத்துவர் பணி, போர்க்களத்திலும் அதற்குப் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலிருந்து காட்பாடி வழியாகச் சித்தூர், பலமநேர் வரையிலும், மறுபுறம் குடியாத்தம், பேர்ணாம்பட்டு வரையிலும் உள்ள ஊர்களில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது பல குடும்பங்களில் தலைமுறை வழக்கம். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. சிப்பாயாகவும் ஹவில்தாராகவும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் ராணுவ மருத்துவராக விரும்புகிறார்கள். ராணுவ மருத்துவப் பிரிவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றுச் சித்தூரில் குடியிருக்கும் என்னிடம் அவர்களும், அவர்களுடைய பெற்றோரும், தமிழ்நாடு, ஆந்திர எல்லையின் இருபுறமும் தொழில் செய்யும் இளம் மருத்துவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதுகிறேன்.

ராணுவ அறுவை மருத்துவர் போர்முனையில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலா அறுவை சிகிச்சை செய்கிறார்?

இல்லை. குண்டடிபட்ட வீரரிடம் முதலில் போய்ச் சேருபவர் அவருடைய தோழரும், நர்சிங் அசிஸ்டென்ட் எனப்படும் மருத்துவ உதவியாளரும்தான். அடுத்து, படைப்பிரிவோடு கூடவே இருக்கும் ரெஜிமென்ட் மருத்துவ அதிகாரி. இவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞராக இருப்பார். அவருடைய உதவி நிலையத்தில் இரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுக்குழாயைத் திறந்துவைப்பது, வலியைக் குறைப்பது, எலும்பு முறிந்த காலைக் கட்டை வைத்துக் கட்டுவது ஆகியவை நடக்கும். அதற்கு மேல் அங்கே எதுவும் செய்ய முயலக் கூடாது. அங்கிருந்து காயமடைந்தவர் பின்னால் உள்ள பீல்டு ஆம்புலன்சுக்குக் கொண்டுவரப்படுவார். பலர் நினைப்பது போல அது ஒரு வண்டி அல்ல. மருத்துவர்களும் உதவியாளர்களும் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் அடங்கிய ஒரு முழுப் படைப்பிரிவு. இன்று அதையே பீல்டு ஹாஸ்பிடல் என்கிறார்கள். அதனோடு இணைக்கப்படும் முன்களச் சிகிச்சை மையத்தில்தான் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருப்பார்கள். உயிரைக் காக்கத் தேவையான அறுவை அங்கே நடந்த பிறகு, பேஸ் ஹாஸ்பிடல், கமாண்ட் ஹாஸ்பிடல் எனப் படிப்படியாகப் பின்னோக்கி அனுப்புவார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே இருக்கும் மிகச் சிறந்த அறுவை மருத்துவரால் பயன் இல்லை. ஆகவே ஒரு ராணுவ அறுவை மருத்துவரின் திறமையை அவருடைய கைவேகத்தைக் கொண்டு அளப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. எவரை முதலில் எடுப்பது, எவ்வளவு செய்துவிட்டு நிறுத்துவது, எப்போது அனுப்புவது என்ற மூன்றிலும் அவர் எடுக்கும் முடிவுதான் அவருடைய திறமை.

இதில் சேருவது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அது 1948இல் தொடங்கப்பட்டது, எம்.பி.பி.எஸ். வகுப்புகள் 1962இல் ஆரம்பமாயின. நீட் மதிப்பெண்ணைக் கொண்டு அழைத்து, ஆங்கில அறிவையும் தர்க்கத் திறனையும் சோதிக்கும் தனித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பின் எடுத்துக்கொள்வார்கள். மாணவர், மாணவியர் இருபாலாருக்கும் இடம் உண்டு. படித்து முடித்தபின் ராணுவத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். அதை முறித்தால் பெருந்தொகை கட்ட நேரும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். சித்தூர் மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகள், தங்களுக்கு எந்த மாநில ஒதுக்கீடு என்று கவலைப்படுகிறார்கள். புனேயில் அந்தக் கவலைக்கே இடமில்லை, சேர்க்கை அகில இந்திய அளவிலானது.

இரண்டாவது வழி, வேலூரிலோ திருப்பதியிலோ குப்பத்திலோ வேறெங்கோ மருத்துவம் முடித்துவிட்டு, குறுகியகாலப் பணி ஆணை பெற்றுச் சேருவது. கேப்டன் தகுதியுடன் நுழையலாம். லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் பிரிவு மையத்தில் அடிப்படைப் பயிற்சி தருவார்கள். அறுவை மருத்துவராக வேண்டுமானால் எம்.எஸ். பட்டம் தேவை. அதை முன்பே முடித்தவர்களும் சேரலாம். சேர்ந்தபின் ராணுவ மருத்துவமனைகளிலேயே மேற்படிப்புப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

போர்க்காயத்துக்கும் சாதாரண விபத்துக் காயத்துக்கும் என்ன வேறுபாடு?

கத்திக்குத்துக் காயத்தில் கத்தி போன பாதைதான் காயம். மிகுந்த வேகத்தில் வரும் ரைபிள் தோட்டா அப்படியல்ல. அது தசையைத் துளைத்துச் செல்லும் கணத்தில் சுற்றியுள்ள திசுக்களை நாலாபுறமும் தள்ளி, தன் அளவைவிடப் பல மடங்கு பெரிய ஒரு வெற்றிடத்தை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு உண்டாக்குகிறது. அந்த வெற்றிடம் உடனே மூடிக்கொள்ளும்போது, துணி, மண், முடி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் விரல் நுழையாத ஓட்டை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் செத்த தசை இருக்கும். கண்ணிவெடியோ அதைவிடக் கொடியது. காலடியில் வெடித்து மண்ணையும் காலணித் துண்டுகளையும் தசை உறைகளின் வழியாக மேலே ஏற்றிவிடும்.

இத்தகைய காயத்தைக் கழுவி அழகாகத் தைத்து மூடுவது போல் ஆபத்தான செயல் வேறில்லை. செத்த தசையில் காற்று இல்லாமல் வளரும் கிருமிகள் பெருகி, வாயு அழுகல் நோயும் இரண ஜன்னியும் வரும். முதல் உலகப் போரில் பிரான்சின் எருவிட்ட வயல்களில் விழுந்த வீரர்களின் காயங்கள் இந்தப் பாடத்தைப் பெரும் உயிர்ச்சேதத்தோடு கற்றுக்கொடுத்தன. அன்று வகுத்த முறையே இன்றும் அடிப்படை: காயத்தை அகலத் திறந்து, நிறம் மாறிய, வெட்டினால் துடிக்காத, இரத்தம் கசியாத தசை அனைத்தையும் நீக்கி, கழுவி, மூடாமல் திறந்தபடியே கட்டுப்போட்டு அனுப்ப வேண்டும். நான்கைந்து நாள் கழித்துத் திறந்து பார்த்து, சுத்தமாக இருந்தால் மட்டுமே தைக்க வேண்டும். நகர மருத்துவமனையில் பயின்று வரும் இளம் அறுவை மருத்துவருக்கு, தைக்காமல் விடுவதைப் பழகுவதுதான் மிகவும் கடினமான பாடமாக இருக்கும்.

வயிற்றுக் காயத்திலும் இதே ஒழுங்கு உண்டு. இரத்தம் நிறைய இழந்த உடல் குளிர்ந்துவிடும்; இரத்தத்தில் அமிலம் கூடும்; அதனால் இரத்தம் உறையாது; உறையாததால் மேலும் இரத்தம் போகும். இந்தச் சுழலில் சிக்கியவரை மேசையில் நான்கு மணி நேரம் கிடத்திக் குடலை முறையாக இணைத்தால், இணைப்பு நன்றாக இருக்கும், ஆள் இறந்துவிடுவார். எனவே இரத்தம் வரும் இடத்தைக் கட்டி, கிழிந்த குடலின் முனைகளை வெறுமனே அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, உடலைச் சூடேற்றி, இரத்தம் ஏற்றி, ஒன்றிரண்டு நாளில் மறுபடி திறந்து மிச்சத்தைச் செய்ய வேண்டும்.

ஒரே நேரத்தில் பலர் வந்தால் யாருக்கு முதலில் சிகிச்சை? அதிகாரிகளுக்கு முன்னுரிமை உண்டா?

கிடையாது. நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே என்பவர், பதவியையும் நாட்டையும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்ற வழக்கத்தைப் போர்க்களத்தில் நிலைநாட்டினார். சண்டை முடியும் வரை காயமடைந்தவர்களைக் களத்திலேயே விட்டுவைத்த காலத்தில், விரைந்து ஓடும் குதிரை வண்டிகளை அனுப்பி அவர்களை எடுத்துவரும் முறையையும் அவரே உருவாக்கினார். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை அதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது: சிகிச்சையின் வரிசையை அவசர மருத்துவக் காரணம் ஒன்றுதான் தீர்மானிக்கலாம். இதன்படி நம் படையின் கர்னலுக்குச் சிறு காயமும் எதிரிப் படையின் சிப்பாய்க்கு உயிர் போகும் காயமும் இருந்தால், சிப்பாய்தான் முதலில். இந்தியா அந்த உடன்படிக்கைகளை ஏற்றதோடு 1960இல் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது.

வரிசைப்படுத்துவதில் பெற்றோர் அறியாத ஒரு பிரிவு இருக்கிறது. உடனே அறுவை செய்தால் பிழைப்பவர், சில மணி நேரம் காத்திருக்கக் கூடியவர், நடந்துவரக் கூடியவர் என்ற மூன்றையும் தவிர, எவ்வளவு செய்தாலும் பிழைக்க வாய்ப்பில்லாதவர் என்று நான்காவது பிரிவு ஒன்று உண்டு. தனி ஒருவராக நகர மருத்துவமனைக்கு வந்திருந்தால் அவருக்காக இருபது பேர் போராடியிருப்பார்கள். மேசை ஒன்றும் இரத்தப் பைகள் சிலவும் மட்டும் இருக்கும் இடத்தில், அவருக்குச் செலவிடும் இரண்டு மணி நேரத்தில் பிழைக்கக்கூடிய இருவர் இறந்துவிடலாம். அவருக்கு வலி தெரியாமல் மருந்து கொடுத்து, ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேரம் கிடைக்கும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். சில வேளைகளில் அவருடைய நிலை தேறி மேல்பிரிவுக்கு வருவதும் உண்டு. அதனால்தான் வரிசைப்படுத்துவதை ஒரு முறை செய்து முடித்துவிடக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பைப் பிரிவிலேயே அனுபவம் மிக்கவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் பகுதியோடு தொடர்புள்ள ராணுவ மருத்துவர் யாராவது உண்டா?

உண்டு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். அவருடைய பெயரின் முதலெழுத்து நம் ஆற்காட்டைக் குறிப்பது. இத்தனை பெரிய மனிதரைப் பற்றி ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இந்தியாவில் பாராசூட் படை உருவாக்கப்பட்டபோது விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் ஒரு பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. 1950இல் கொரியப் போர் மூண்டபோது, இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை; 60ஆவது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. அதன் தளபதி ரங்கராஜ். நவம்பர் மாதம் பூசான் துறைமுகத்தில் இறங்கிய அந்தப் பிரிவு, வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே சீனப் படை முன்னேறியதால் எல்லோரும் பின்வாங்க நேர்ந்தது. அவர்களுக்கு வண்டிகள் இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஆள்கள் மட்டும் வெளியேறலாம் என்ற நிலை. கருவி இல்லாத மருத்துவப் பிரிவால் யாருக்கும் பயனில்லை என்று உணர்ந்த ரங்கராஜ் அதற்கு உடன்படவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆள்கள் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த வீரர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனை நிரப்பி, எல்லாக் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னே கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி மேஜர் என்.பி.பானர்ஜியின் கீழ் தேகு நகரில் கொரிய மருத்துவமனைகளுக்கு உதவியது. மறுபகுதி ரங்கராஜின் கீழ் 27ஆவது காமன்வெல்த் பிரிகேடுடன் முன்களத்தில் இருந்தது. 1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குதித்தபோது, நம் பிரிவைச் சேர்ந்த 12 பேரும் ரங்கராஜ் தலைமையில் அவர்களுடன் குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவை சிகிச்சை நிலையம் அமைத்தார்கள். ரங்கராஜ், பானர்ஜி இருவருக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

போருக்குப் பின் அவர் செய்ததைத்தான் நான் இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் ஆப்கானிஸ்தானில் ஆலோசகராகப் பணியாற்றினார். பனி மூடிய கணவாய்களும், அம்மைப் பாலைக் குத்திப் பரப்பும் பழைய வழக்கமும், பெண்களைக் காண அனுமதிக்காத வீடுகளும் இருந்த நாடு அது. வண்டி போகாத ஊருக்கு ஆளையும் மருந்தையும் குறித்த நாளில் கொண்டுசேர்ப்பது, வரைபடத்தை வைத்து ஒரு கிராமமும் விடுபடாமல் தேடுவது, கீழே உள்ளவர் தரும் அறிக்கையை நேரில் போய்ச் சரிபார்ப்பது ஆகிய அத்தனையும் ஒரு பீல்டு ஆம்புலன்ஸ் தளபதி அன்றாடம் செய்யும் வேலைகள். 1972இல் ஆப்கானிஸ்தானில் பெரியம்மையின் தொடர் பரவல் முடிவுக்கு வந்தது. 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அவர் தலைமை தாங்கிய 60ஆவது பிரிவு இன்றும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இஸ்கெந்தெருன் நகரில் மருத்துவமனை அமைத்தது அந்தப் பிரிவுதான்.

எதிரியின் குண்டு மட்டும்தான் ஆபத்தா?

இந்திய ராணுவத்தைப் பொறுத்தவரை உயரமும் குளிரும் குண்டுக்கு இணையான எதிரிகள். சமவெளியில் பிறந்த வீரரை ஒரே நாளில் 3500 மீட்டருக்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். 1962 சீனப் போருக்குப் பின் இமயமலையில் நம் ராணுவ மருத்துவர்கள் இதை ஊன்றிக் கவனித்து, 1925 வீரர்களைப் பற்றிய ஆய்வை 1969இல் வெளியிட்டார்கள். உயரமலை நோயைப் பற்றி உலக மருத்துவர்கள் படித்த முக்கியமான கட்டுரைகளில் அதுவும் ஒன்று. படிப்படியாக ஏறுவது, குறிப்பிட்ட உயரங்களில் தங்கி உடலைப் பழக்குவது, அறிகுறி தோன்றினால் உடனே கீழே இறக்குவது என்ற ஒழுங்கு அப்படித்தான் உறுதிப்பட்டது. 1984 முதல் சியாச்சினில் படை நிறுத்தப்பட்டதும் இந்த அறிவு நாள்தோறும் தேவைப்படலாயிற்று.

பனிக்கடியில் விரல்கள் கறுத்துப் போகும். அவற்றைத் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் கெடுதல். 37 முதல் 39 டிகிரி வெப்பமுள்ள நீரில் அமிழ்த்திச் சூடேற்ற வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் அதையும் தள்ளிப்போட வேண்டும். கறுத்த விரலை அவசரமாக வெட்டுவதும் கூடாது. செத்த திசுவும் உயிருள்ள திசுவும் தாமாகப் பிரிந்து எல்லை தெரிய வாரங்கள் ஆகும். காத்திருந்தால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விரல் மிஞ்சும்.

பெண்கள் இந்தப் பணிக்கு ஏற்றவர்களா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

2004இல் புனிதா அரோரா லெப்டினன்ட் ஜெனரல் பதவியை எட்டினார். இந்திய ஆயுதப்படைகளில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் ஒரு மருத்துவர். 2024இல் ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆர்த்தி சரீனும் பெண்தான்.

அதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதனின் மகள் லட்சுமி, 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சிங்கப்பூர் சென்று, அங்கு வேலைக்குப் போயிருந்த ஏழை இந்தியர்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்று கேப்டன் லட்சுமி ஆனார். போர் முடிந்தபின் கான்பூரில் குடியேறி, 1971இல் வங்காளதேச அகதிகளுக்கும் 1984இல் போபால் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மருத்துவம் செய்து, தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். உறவினர்களிடம் இந்த வாழ்க்கையைச் சொல்லுங்கள்.

போர் மருத்துவத்தால் பொதுமக்களுக்கு என்ன கிடைத்தது?

இரத்தத்தைச் சேமித்துவைத்து ஏற்றும் முறை முதல் உலகப் போரின் இறுதியில் களத்தில் பழக்கத்துக்கு வந்தது. முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தில் ஹரால்டு கில்லீஸ் செய்த சிகிச்சையிலிருந்து நவீன ஒட்டறுவை மருத்துவம் வளர்ந்தது. தொடை எலும்பு முறிவுக்குப் பயன்படும் தாமஸ் கட்டை அந்தப் போரில்தான் பரவலாகி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. பெனிசிலின் பெருமளவில் தயாரானது இரண்டாம் உலகப் போரின் தேவையால்.

இவற்றுள் நம் ஊருக்கு நேரடியாக வந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு, லண்டனில் மருத்துவம் பயின்ற காலம் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மேல் குண்டு வீசிய காலம். குண்டுவீச்சில் சிதைந்த கைகளையும் நரம்புகளையும் சீர்செய்த அனுபவத்தோடு 1946இல் அவர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தவர், தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை அவர்களுக்குச் செய்யத் தொடங்கினார். தொழுநோயாளியின் சதை ஆறாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. உணர்ச்சியற்றுப் போனதால் அறியாமல் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன, நோய் நேராகத் தின்பதில்லை என்று அவர் காட்டினார். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் அந்த ஆய்வு தொடர்ந்தது. சித்தூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து ஒதுக்கப்பட்டு வந்தவர்கள், மறுபடி கைகளால் சோறு பிசைந்து உண்டார்கள். அவர் ராணுவ மருத்துவர் அல்லர். ஆனால் போரில் கற்ற அறுவைக்கலை அமைதிக்காலத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

கால் இழந்த வீரர்கள் பிறகு என்ன ஆகிறார்கள்?

புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இயங்குகிறது. கிர்க்கியில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் உண்டு. அறுவை மருத்துவரின் கடமை இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வேன். காலை எந்த இடத்தில் துண்டிக்கிறோம், எலும்பு முனையைத் தசையால் எப்படிப் போர்த்துகிறோம், நரம்பு முனையை எங்கே விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவர் அடுத்த நாற்பது ஆண்டுகள் செயற்கைக் காலை வலியின்றி அணிவார். முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் கடைசிவரை முயல வேண்டும். முழங்கால் உள்ளவர் நடப்பதற்கும் இல்லாதவர் நடப்பதற்கும் ஆகும் உழைப்பில் பெரும் வேறுபாடு உண்டு.

மருத்துவரின் மனம் தாங்குமா?

எல்லோருக்கும் ஒரே மாதிரி தாங்காது. முதல் உலகப் போரில் குண்டு அதிர்ச்சி என்று அழைக்கப்பட்ட மனநிலையைக் கோழைத்தனம் என்று தண்டித்த காலம் உண்டு. அது கொடிய அறியாமை. மருத்துவருக்கு வரும் துன்பம் வேறு வகையானது. குண்டுச் சத்தத்தைவிட, நான்காவது பிரிவில் தான் வைத்த மனிதரின் முகம்தான் அவரைத் தொடரும். எடுத்த முடிவு சரியானது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் தூக்கம் வராது. இதற்கு நான் கண்ட உதவி, அந்த முடிவுகளைப் பிரிவில் உள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, யாரையும் குற்றஞ்சாட்டாமல், மணிவாரியாகப் பேசிப்பார்ப்பது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் பேச ஆளிருக்காது என்பதால் பலர் ஒடுங்கிப் போகிறார்கள். தூக்கமின்மை, எரிச்சல், குடி ஆகியவை தென்பட்டால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதைக் குடும்பத்தார் கௌரவக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஓய்வு பெற்ற ராணுவ அறுவை மருத்துவருக்கு இந்த எல்லைப் பகுதியில் என்ன வேலை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. குறுகியகாலப் பணியில் சேர்ந்தவர் அதிகபட்சம் 14 ஆண்டுகளில் வெளியே வருவதால், அவருக்கு முன்னால் இன்னொரு முழுப் பணிக்காலமே காத்திருக்கும். மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பணியாற்றலாம். நான் பரிந்துரைப்பது விபத்துச் சிகிச்சை. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலைகள் வேலூர், ஆம்பூர் வழியாகவும், சித்தூர், பலமநேர் வழியாகவும் நம் ஊர்களை ஊடுருவிச் செல்கின்றன. மொகிலி மலைப்பாதையில் லாரியும் பேருந்தும் மோதினால், ஒரே நேரத்தில் பலர் நசுங்கிய கால்களோடும் உடைந்த விலாக்களோடும் வருகிறார்கள். அது போர்க்களத்தின் வரிசைப்படுத்தலே. ராணிப்பேட்டையில் சி.எம்.சி. அமைத்துள்ள விபத்துச் சிகிச்சை மையம் பெரும் வரம். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை உயிரை நிறுத்தி வைக்க, வழியிலுள்ள சிறு மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். சித்தூர்ப் பக்கம் தொழில் செய்ய ஆந்திர மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நோயாளியிடம் ஒப்புதல் பெறும்போது, அவர் வீட்டில் பேசும் மொழியில் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மருத்துவர் அல்லாத நாங்கள் சாலையில் விபத்தைக் கண்டால் என்ன செய்வது?

முதலில் 108ஐ அழைக்க வேண்டும். அந்தச் சேவை ஆந்திரத்தில் 2005 முதலும் தமிழ்நாட்டில் 2008 முதலும் நடக்கிறது. எல்லையருகே நின்று அழைத்தால், நீங்கள் எந்த மாநிலத்தில், எந்த ஊருக்கருகே இருக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காவல்துறை அலைக்கழிக்கும் என்று அஞ்ச வேண்டாம். உதவுபவரைப் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசு செலவில் பெறும் ஏற்பாடு 2021 டிசம்பர் முதல் உள்ளது. சித்தூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அலறுபவரிடம் முதலில் ஓடாதீர்கள். அலற முடிகிறது என்றால் மூச்சு இருக்கிறது. சத்தமின்றிக் கிடப்பவரைப் பாருங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, இரண்டு அங்குல அகலத் துணியைச் சுற்றி முடிச்சிட்டு, அதில் ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கயிறோ கம்பியோ கூடாது. பழைய முதலுதவிப் பாடங்கள் இப்படி இறுக்கிக் கட்டுவதை அஞ்சி விலக்கச் சொல்லின; ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பின், சரியாகக் கட்டினால் உயிர் காக்கும் என்பது உறுதியாகிவிட்டது. கட்டியபின் இடையில் தளர்த்தாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும். கட்டிய நேரத்தை அடிபட்டவரின் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதி, ஆம்புலன்சில் வருபவரிடம் வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.